எக்ஸ்-விங் இரண்டாம் பதிப்பு: நின்றுபோன விளையாட்டின் மிச்சச் சரக்கை இன்று வாங்கலாமா?

சிறு விண்கல உருவங்களை மேசைமேல் மோதவிடும் 'ஸ்டார் வார்ஸ்: எக்ஸ்-விங்' விளையாட்டுக்கு இனிப் புதிய வெளியீடு எதுவும் வராது என்று அட்டாமிக் மாஸ் கேம்ஸ் நிறுவனம் 2024 ஜூன் மாதம் அறிவித்தது. பெரிய போர்க்கப்பல்களை மோதவிடும் 'ஸ்டார் வார்ஸ்: ஆர்மடா'வும் அதே அறிவிப்பில் முடித்துவைக்கப்பட்டது. 2012இல் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் தொடங்கி, 2018இல் இரண்டாம் பதிப்பு கண்டு, 2020இன் இறுதியில் அட்டாமிக் மாஸிடம் கைமாறிய ஒரு விளையாட்டு பன்னிரண்டாம் ஆண்டில் இப்படி நின்றது. உற்பத்தி நின்றாலும் ஏற்கெனவே உற்பத்தியானவை எங்கும் போய்விடவில்லை. கடைகளின் கீழ்த்தட்டுகளிலும், விநியோகஸ்தர்களின் கிடங்குகளிலும், விளையாடுவதை விட்டவர்களின் அலமாரிகளிலும் இருந்த கப்பல்கள் இப்போது தள்ளுபடி விலையிலும், சில சமயம் நம்ப முடியாத ஏற்ற விலையிலும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் பதிப்பின் அடிப்படைப் பெட்டியையும் அதைச் சுற்றிக் கிடைக்கும் பழைய சரக்கையும், இன்று புதிதாக விளையாடத் தொடங்க நினைப்பவரின் பக்கம் நின்று மதிப்பிடுவதே இந்த விமர்சனத்தின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நியாயமான விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அந்த விலை நியாயமானதா என்பதைக் கப்பலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; கப்பலோடு வரும் டயலையும் அட்டைகளையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொன்னால், மூன்றடிக்கு மூன்றடி பரப்பில் இருவர் தத்தம் விண்கலங்களைப் பறக்கவிட்டுச் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் இது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு டயலும், விமானியின் திறனையும் உபகரணங்களையும் சொல்லும் அட்டைகளும் உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் பறப்பது என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் டயலில் திருப்பி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, அதற்குரிய அட்டை டெம்ப்ளேட்டைக் கப்பலின் முன் வைத்து நகர்த்துவார்கள். எதிராளி எங்கே வந்து நிற்பான் என்று ஊகிப்பதில்தான் ஆட்டத்தின் முழுச் சுவையும் இருக்கிறது. திறன் குறைந்த விமானி முதலில் நகர்வான், திறன் மிகுந்தவன் முதலில் சுடுவான். இந்த ஒற்றை விதியே பாதி ஆட்டத்தை நடத்திவிடுகிறது.

அடிப்படைப் பெட்டியில் ஒரு டி-65 எக்ஸ்-விங்கும் இரண்டு டை ஃபைட்டர்களும் வருகின்றன. மூன்றும் ஒட்டும் வேலையோ வண்ணம் தீட்டும் வேலையோ இல்லாமல் முழுமையாகத் தயாராகி வருபவை. மினியேச்சர் விளையாட்டுகளில் இது அரிது. பெரும்பாலானவற்றில் உருவங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி முடிப்பதற்குள் ஆர்வம் பாதி வடிந்துவிடும். கப்பல்கள் அனைத்தும் 1:270 என்ற அளவில் அமைந்தவை. அதனால் எக்ஸ்-விங் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் நீளத்தில் அடங்குகிறது. அவ்வளவு சிறிய உடலில் இறக்கைகளின் சிவப்புப் பட்டைகளும், தகடுகளின் இடுக்குகளில் படிந்த கருமையும், விமானி அறைக்குப் பின்னால் கடுகளவில் நிற்கும் ட்ராய்டு என்ற ரோபோவின் தலையும் தெளிவாகத் தெரிகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் பட்டையின் ஓரம் கொஞ்சம் வழிந்திருப்பது தெரியும். கையளவு தூரத்தில் அது தெரியாது. டை ஃபைட்டரின் அறுகோணப் பலகைகள் மெல்லியவை என்றாலும் எளிதில் வளையாதவை. பெட்டி பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்திருந்தாலும் பிளாஸ்டிக்குக்கும் வண்ணத்துக்கும் குறையொன்றும் நேர்வதில்லை என்பதே நான் கையாண்ட கப்பல்களில் கண்டது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கப்பலைத் தாங்கி நிற்பது கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதன் மெல்லிய நுனி கப்பலின் வயிற்றில் உள்ள துளைக்குள் இறுக்கமாகச் செருகப்படுகிறது. கழற்றும்போது சற்றே சாய்த்து இழுத்தால் நுனி ஒடிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். இது இந்த விளையாட்டின் தொடக்க நாளிலிருந்தே எல்லோரும் அறிந்த பலவீனம். கைத்திறன் உள்ளவர்கள் நுண்ணிய துளைக்கருவியால் ஒடிந்த நுனியைக் குடைந்து எடுப்பார்கள், அல்லது அந்த இடத்தில் சிறு காந்தத்தை ஒட்டி, குச்சியின் தேவையையே மாற்றிவிடுவார்கள். உற்பத்தி நடந்துகொண்டிருந்தபோது இது சிறு தொல்லையாக இருந்தது. மாற்றுக் குச்சி இனிச் சந்தைக்கு வராது என்ற நிலையில், பயன்படுத்திய கப்பலை வாங்குபவர் முதலில் அதன் வயிற்றைத் திருப்பிப் பார்ப்பதே நல்லது.

பெட்டியின் மற்ற பொருள்களில் எட்டு முகப் பகடைகள், தாக்குதலுக்கு மூன்றும் தற்காப்புக்கு மூன்றுமாக உள்ளன. நேர், சாய்வு, திருப்பம் ஆகியவற்றுக்கான பதினொரு டெம்ப்ளேட்டுகள், தூரம் அளக்கும் கோல், அடிபட்ட கப்பலுக்கு எடுத்து வைக்க 33 அட்டைகள் கொண்ட சேதக் கட்டு, பாறைகள், டோக்கன்கள் எல்லாம் உண்டு. இருவர் முறையாக விளையாட இருவருக்கும் தனித்தனிச் சேதக் கட்டு வேண்டும். பெட்டியிலோ ஒன்றுதான் இருக்கிறது. பகடைகளும் போதா, நான்கைந்து பகடைகள் உருட்ட வேண்டிய தருணங்களில் ஒரே பகடையை மறுபடி எடுத்து உருட்ட நேரும். 2018 செப்டம்பரில் 39.95 டாலருக்கு வெளிவந்தபோது, மூன்று கப்பல்களும் பயன்படு பொருள்களும் சேர்ந்து இது நல்ல பேரமாகவே இருந்தது. இன்று அந்த விலைக்கோ அதற்குக் கீழோ பிரிக்காத பெட்டி கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் விதிப்புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம்; அதன் சில விதிகள் பிறகு மாறிவிட்டன. விதிகளை இணையத்தில் இலவசமாகப் படித்துக்கொள்ளலாம்.

இனி, கப்பலைவிட டயலையும் அட்டைகளையும் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னதற்கு விளக்கம் தர வேண்டும். அதற்கான பாடம் 2024க்கு முன்பே, 2018இல் நடத்தி முடிக்கப்பட்டுவிட்டது.

முதல் பதிப்பில் ஒவ்வோர் அட்டையிலும் அதன் புள்ளி விலை அச்சிடப்பட்டிருந்தது. இருவரும் 100 புள்ளிக்குள் அணி அமைப்பார்கள். ஓர் அட்டை மிஞ்சிய வலிமையோடு வந்துவிட்டால் அதைத் திருத்த வழியில்லாததால், அதை ஈடுகட்டும் வேறோர் அட்டையைப் புதிய கப்பல் பொதியில் வைத்து விற்பதே வழக்கமாயிற்று. விளைவாக, கப்பல் தேவைப்படாதவர்களும் அட்டைக்காகப் பொதி வாங்கினார்கள். 'ஆட்டோத்ரஸ்டர்ஸ்' என்ற அட்டைக்காக ஸ்டார்வைப்பர் கப்பலையும், 'சி-த்ரீபிஓ' அட்டைக்காக மிகப் பெரிய டான்டிவ் ஃபோர் கப்பலையும் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்த நாளில் பொதியின் விலை கப்பலுக்கானதாகத் தோன்றினாலும், உண்மையில் மக்கள் பணம் கொடுத்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு அட்டைக்கு.

2018 மே முதல் நாளில் இரண்டாம் பதிப்பு அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 13இல் அது விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட நான்கரை மாதங்களில் முதல் பதிப்பின் பொதிகள் அனைத்தும் பழைய சரக்காயின. அட்டைகள் செல்லாமல் போயின, டயல்கள் செல்லாமல் போயின, கப்பலின் அடித்தட்டில் செருகும் அட்டைத் துண்டும் செல்லாமல் போயிற்று. கப்பலும் குச்சியும் பகடையும் டெம்ப்ளேட்டும் மட்டும் அப்படியே செல்லுபடியாயின. இந்த இடைவெளியை நிரப்பவே கிளர்ச்சியாளர், பேரரசு, கூலிப்படை ஆகிய ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கன்வர்ஷன் கிட் 49.95 டாலருக்கு வெளியிடப்பட்டது. அதில் ஒரு கப்பல்கூட இல்லை. முழுக்க முழுக்க அட்டைகளும் டயல்களும் அடித்தட்டுத் துண்டுகளும்தான். இரண்டாம் பதிப்பில் புதிதாக வந்த நடுத்தர அளவு அடித்தட்டுகளும் அதிலேயே கிடைத்தன. முன்பு 80 மில்லிமீட்டர் தட்டில் நின்ற ஃபயர்ஸ்ப்ரேயும் யூ-விங்கும், 40 மில்லிமீட்டர் தட்டில் நின்ற ஆர்க்-170உம் இப்போது 60 மில்லிமீட்டர் தட்டுக்கு மாறியிருந்தன.

கடைக்காரர்களுக்கு அது கடினமான காலம். வாங்கி அடுக்கிய முதல் பதிப்புச் சரக்கைத் திருப்பியனுப்ப முடியாத கடைகள் அதைப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் தள்ளிவிட்டன. அந்த நேரத்தில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: தள்ளுபடியில் முதல் பதிப்புக் கப்பலை வாங்கி, ஒரே ஒரு கன்வர்ஷன் கிட்டோடு சேர்த்தால், 19.95 டாலருக்கு விற்கும் புதிய பொதியைவிட மிகக் குறைந்த செலவில் ஒரு படையே தேறிவிடும். எல்லோரும் அதைச் செய்யத் தொடங்கியதும் கன்வர்ஷன் கிட்டுகள் தீர்ந்தன. அச்சில் இல்லாமல் போன பிறகு அவற்றின் விலை ஏறியது. கே-விங் போன்று இரண்டாம் பதிப்பில் தனிப் பொதியாக வராத கப்பல்களை முறையாகப் பறக்கவிட அந்தக் கிட்டில் இருந்த டயலைத் தவிர வேறு வழியே இல்லை. கப்பல் மலிந்து கிடக்க, அதைப் பறக்கவைக்கும் அட்டை டயல் அரிதாகிப்போன நிலை அப்போது உருவானது. 2024க்குப் பின் நடந்துகொண்டிருப்பது அதன் நீட்சிதான்.

இரண்டாம் பதிப்பில் ஒரு புத்திசாலித்தனமான மாற்றம் இருந்தது. அட்டைகளில் புள்ளி விலை அச்சிடப்படவில்லை. புள்ளிகள் செயலியிலும் தனிப் பட்டியலிலும் வெளியிடப்பட்டு, அவ்வப்போது திருத்தப்பட்டன. இதனால் ஓர் அட்டை வலிமை மிகுந்ததாகத் தெரிந்தால் அதன் விலையை ஏற்றினால் போதும். அட்டை செல்லாமல் போகாது. பழைய சரக்கை வாங்குபவருக்கு இது பெரிய நன்மை. 2018இல் அச்சான ஓர் அட்டை இன்றும் பெரும்பாலும் அப்படியே பயன்படுகிறது. முதல் பதிப்பு முழுதும் இந்த முறையில் அச்சிடப்பட்டிருந்தால் பல வீடுகளில் தேவையற்ற ஸ்டார்வைப்பர்கள் இருந்திருக்காது.

ஆனால் 2022இன் தொடக்கத்தில் அட்டாமிக் மாஸ் நிறுவனம் 200 புள்ளி அணிமுறையை விட்டு, 20 புள்ளி அணியும் ஒவ்வொரு விமானிக்கும் தனி உபகரணப் புள்ளியும் கொண்ட முறைக்கு மாறியது. வெறுமனே எதிரியை அழிப்பதற்குப் பதில் களத்தில் இலக்குகளைப் பிடிக்கும் ஆட்டங்களையும் கொண்டுவந்தது. விளையாடுவோர் இதை 2.5 என்று அழைத்தார்கள். பிடிக்காதவர்கள் பழைய 200 புள்ளி முறையைத் தாங்களே புள்ளி திருத்திக் காப்பாற்றி வருகிறார்கள். இந்தப் பிளவு அன்று கசப்பை வளர்த்தது உண்மை. ஆனால் நிறுவனம் கைவிட்ட பிறகு இரு பக்கத்துக்கும் தனித்தனிக் காவலர்கள் இருப்பது ஒருவகையில் நன்மையாகவே முடிந்திருக்கிறது. 2.5 முறையை எக்ஸ்-விங் அலையன்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்துக்கொண்டு புள்ளிப் பட்டியல்களை வெளியிட்டுப் போட்டிகளுக்கும் வழிசெய்கிறது. அணி அமைக்க 'யாஸ்பி' போன்ற ரசிகர்கள் எழுதிய கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த விமானிக்கு எந்த உபகரணம் பொருந்தும், எவ்வளவு புள்ளி என்பதையெல்லாம் அவை கணக்கிட்டுத் தந்துவிடும். புதிதாக வருபவர் எந்தப் பக்கம் விளையாடுவது என்பதைத் தன் ஊரில் உடன் விளையாடக் கிடைப்பவரைப் பார்த்து முடிவு செய்வதே பொருத்தம். இரண்டுக்கும் கப்பல் ஒன்றுதான், டயலும் ஒன்றுதான்.

நின்றுபோன ஒரு விளையாட்டின் சரக்கு என்னவாகும் என்று கேட்டால், அது முதலில் மலியும், பிறகு பிரியும். அறிவிப்பு வந்த வாரங்களில் கடைகள் அலமாரி இடத்தை மீட்க அவசரப்படும். எல்லாப் பொதியும் ஒரே தள்ளுபடியில் ஒரே கூடைக்குள் விழும். சில மாதங்களில் எக்ஸ்-விங், டை ஃபைட்டர், மில்லேனியம் ஃபால்கன் போன்ற எல்லோரும் அறிந்த வடிவங்கள் கூடையிலிருந்து மறைந்துவிடும். அவற்றை வாங்குபவர்களில் பாதிப்பேர் விளையாடுபவர்களே இல்லை. மேசை மேல் வைக்க அழகான ஒரு சிறு கப்பல் வேண்டும் என்பவர்கள். கடைசியில் தட்டில் எஞ்சுவது திரையில் ஒருசில நொடி மட்டும் தோன்றிய கப்பல்களும், புதிய மூன்று திரைப்படங்களைச் சேர்ந்த தரப்புகளும்தான். ஆட்டத்துக்கு அவை எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. சொல்லப்போனால், பெயர் பெற்ற கப்பல்களைவிட வித்தியாசமான டயலும் வித்தியாசமான திறன்களும் கொண்டவை அவற்றில் பல. விளையாடுவதற்காக வாங்குபவர், பிறர் விட்டுச்சென்ற அந்தக் கடைசித் தட்டில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இந்த விளையாட்டு ஒருநாள் திரும்பி வரும், அப்போது சரக்கின் மதிப்பு பன்மடங்காகும் என்று நம்பிப் பெட்டிகளைப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணங்கள் பொய்யல்ல. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1983இல் தொடங்கிய 'வார்ஹாமர் ஃபேண்டஸி பேட்டில்' விளையாட்டை 2015இல் முடித்துக்கொண்டு, சதுர அடித்தட்டுகளுக்குப் பதில் வட்ட அடித்தட்டுகளோடு 'ஏஜ் ஆஃப் சிக்மார்' விளையாட்டைக் கொண்டுவந்தது. பிரெட்டோனியாவின் குதிரை வீரர்களும் டூம் கிங்ஸின் எலும்புக்கூட்டுப் படைகளும் விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்து, பயன்படுத்திய சந்தையில் விலை ஏறின. 2024 ஜனவரியில் அந்தப் பழைய விளையாட்டு 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் மீண்டும் வெளிவந்தபோது முதலில் வந்தவை அந்த இரண்டு படைகள்தான், அதுவும் பெரும்பகுதி அதே பழைய வார்ப்பு அச்சுகளிலிருந்து. பழைய படையை வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஏற்ற விலைக்கு வாங்கிப் பதுக்கியவர்கள் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்கள். அதிலும் ஒரு சிறு முள் இருந்தது. 20 மில்லிமீட்டர் தட்டில் நின்ற காலாட்படை இப்போது 25 மில்லிமீட்டர் தட்டில் நிற்க வேண்டும், குதிரைப்படைக்கு 25க்கு 50 என்றிருந்தது 30க்கு 60 ஆகிவிட்டது. அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ இடைத்தட்டு வெட்டி ஒட்டுவதில் பலர் மும்முரமானார்கள்.

ஹாஸ்ப்ரோவின் 'ஹீரோஸ்கேப்' இதைவிட நெருங்கிய ஒப்பீடு, ஏனென்றால் அதுவும் வண்ணம் பூசிய உருவங்களோடு வந்தது. 2004இல் தொடங்கி 2010இல் நிறுத்தப்பட்டது. 2022இல் முன்பதிவுப் பணத்தைத் திரட்டி அதை மீட்க நடந்த முயற்சி தோற்றது. 2024இல் ரெனிகேட் நிறுவனத்தின் வழியே திரும்பி வந்தது, பழைய துண்டுகளோடு சேர்ந்து விளையாடும்படியாகவே வந்தது.

இந்த இரண்டிலும் பொதுவானது ஒன்று: பெயரும் உலகமும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சொத்து. உரிமை கையில் இருந்தது, யாரையும் கேட்க வேண்டியதில்லை, நேரம் வந்தபோது திறந்தார்கள். எக்ஸ்-விங்கின் நிலை அப்படியல்ல. ஸ்டார் வார்ஸ் உரிமம் லூகாஸ்ஃபில்மிடம் இருக்கிறது. விளையாட்டை வெளியிடுபவர் அந்த உரிமத்துக்குப் பணம் செலுத்தி வாடகைக்கு இருப்பவர். உரிமம் சார்ந்த விளையாட்டு எப்படி முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்பார்ட்டன் கேம்ஸ் சரியான சான்று. 2017இல் அந்நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் சொந்தப் படைப்பான 'டிஸ்டோபியன் வார்ஸ்' வார்க்ரேடில் நிறுவனத்தின் கைக்குப் போய்ப் புதிய பதிப்பும் புதிய கப்பல்களும் கண்டது. ஸ்பார்ட்டன் உரிமம் பெற்று வெளியிட்ட 'ஹேலோ ஃப்ளீட் பேட்டில்ஸ்' அப்படியே நின்றுவிட்டது; அதன் சரக்கு தீர்ந்ததோடு கதை முடிந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு கப்பற்படை ஆட்டங்களில், எது வாழ்ந்தது எது முடிந்தது என்பதைத் தீர்மானித்தது அவற்றின் தரம் அல்ல, உரிமப் பத்திரம்.

இன்னொரு தடையும் உண்டு. வண்ணம் பூசாத பிளாஸ்டிக் உருவம் என்றால், அச்சு இருக்கும்வரை சிறு அளவில் மறுபடி வார்த்து விற்கலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் வண்ணம் பூசி, சேர்த்து, கொப்புளப் பொதியில் அடைத்து விற்கும் பொருளைச் சில நூறு எண்ணிக்கைக்காக மறுபடி உற்பத்தி செய்வது எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே எக்ஸ்-விங் பெட்டியை முதலீடாக வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. வீட்டில் வைத்துப் பூட்டி விலை ஏறக் காத்திருக்க அதைவிட நல்ல பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன.

முப்பரிமாண அச்சுக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெசின் அச்சில் ரசிகர்கள் எடுக்கும் கப்பல்கள் நுணுக்கத்தில் அசலை மிஞ்சுகின்றன. வண்ணம் தீட்டத் தெரிந்தவருக்குக் கப்பல் பஞ்சமே வராது. இதனால் அசல் கப்பலின் அருமை இன்னும் குறைகிறது, டயலின் அருமை அப்படியே நிற்கிறது. டயலையும் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்பது உண்மையே. வீட்டு மேசையில் அது போதும். இரண்டு வட்டங்களும் நடுவச்சில் பிசகாமல் சுழல, சன்னலில் ஒரே ஒரு நகர்வு மட்டும் தெரியும்படி வெட்டுவதற்கு மட்டும் பொறுமை வேண்டும்; பொறுமையில்லாமல் செய்த டயலில் பக்கத்து நகர்வின் ஓரமும் எட்டிப் பார்க்கும், சண்டை அங்கே தொடங்கும். போட்டிக்குப் போகிறவர்கள் அச்சிட்ட டயலையும் அட்டையையும் ஏற்பார்களா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயன்படுத்திய தொகுப்புகளை மொத்தமாக வாங்குவதே இன்று மலிவான வழி. இருபது முப்பது கப்பல்கள் ஒரே பெட்டியில், ஒரு கப்பலுக்குச் சில டாலர் என்ற கணக்கில் கிடைக்கும். நான் அப்படித் தனியார் ஒருவரிடம் வாங்கிய தொகுப்பில் கப்பல்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. அட்டைகள் ரப்பர் வளையத்தில் கட்டப்பட்டிருந்தன. டயல்களோ முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் கலந்து, பல கப்பல்களுக்கு இரண்டுமே இல்லாமல் வந்து சேர்ந்தன. விளம்பரப் படத்தில் கப்பல்கள் மட்டும் அணிவகுத்து நின்றன என்பதை அப்போதுதான் கவனித்தேன். விற்பவரிடம் டயல்களைப் பரப்பி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வதில் தவறில்லை. இரண்டு பதிப்பு டயல்களின் பின்புறத்தைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

கன்வர்ஷன் கிட்டுகளைப் பொறுத்தவரை, பெட்டி முழுமையாக இருந்து, பழைய 49.95 டாலரிலிருந்து பெரிதாக விலகாத விலையென்றால் வாங்கலாம். வீட்டில் முதல் பதிப்புக் கப்பல்கள் ஏற்கெனவே இருப்பவர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. புதிதாகத் தொடங்குபவர் அதன்மேல் ஏற்ற விலை கொடுப்பது வீண். அந்தப் பணத்துக்கு இரண்டாம் பதிப்பின் தனிப் பொதிகள் டயலும் அட்டையும் சேர்ந்தே கிடைக்கும்.

பிற்காலத்தில் அட்டாமிக் மாஸ் வெளியிட்டவற்றில் 'பேட்டில் ஆஃப் யாவின்' என்ற காட்சிப் பொதி இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பொருள்களில் ஒன்று என்று கருதுகிறேன். அதிலும் கப்பல் கிடையாது. முதல் திரைப்படத்தின் இறுதிச் சண்டையில் பறந்த விமானிகளின் அட்டைகள், அவரவர் உபகரணங்கள் அந்த அட்டையிலேயே அச்சிடப்பட்டு வருகின்றன. அணி அமைக்க மணிக்கணக்கில் உபகரணப் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. அட்டையை எடுத்து வைத்தவுடன் ஆட்டத்தைத் தொடங்கலாம். கிளர்ச்சியாளர் பக்கம் எக்ஸ்-விங்கும் ஒய்-விங்கும், பேரரசின் பக்கம் டை ஃபைட்டரும் டார்த் வேடரின் கப்பலும் என்று, அது கேட்கும் கப்பல்களில் பெரும்பாலானவை தொடக்க ஆண்டுகளிலிருந்தே பலர் வீட்டில் இருப்பவை. வெளியானபோது கப்பலே இல்லாத பொதிக்கு இவ்வளவு விலையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்றோ அடிப்படைப் பெட்டியோடு சேர்த்து வாங்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆர்மடாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிறுத்தப்படுவதற்கு முன்பே அதன் பல பொதிகள் கடைகளில் கிடைக்காமல் இருந்தன. ஆகவே அறிவிப்புக்குப் பின் அதற்குத் தள்ளுபடிக் காலம் என்று ஒன்று பெரிதாக வரவில்லை. நேரே அரிய சரக்காயிற்று. ஒரு முழுப் படையையும் வைத்திருக்கும் நண்பர் அருகில் இல்லாவிட்டால், இன்று அதைப் புதிதாகத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ்-விங்கில் ஒரு அடிப்படைப் பெட்டியும் கூடுதலாக ஒரு சேதக் கட்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ தனிப் பொதிகளும் இருந்தால் இருவர் நெடுநாள் விளையாடலாம். அவற்றைப் பிரிக்காத நிலையில் 2018இன் அச்சு விலைக்குள் தேடிப் பிடிப்பது இன்னும் இயலக்கூடியதே, குறிப்பாக எல்லோரும் எக்ஸ்-விங்கையும் ஃபால்கனையும் மட்டும் தேடிக்கொண்டிருக்கும் வரை.